மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

மூன்றாவது மாடியில் கதவு மூடத் தொடங்கும்போதே லிஃப்ட்காரரின் கை சட்டைப்பைக்குப் போய்விடும். போனை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நாலு கோடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பிறகு கோடு இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி வந்து உட்காரும். அவருடைய உதடு அசையும்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது மாடி வந்ததும் கோடும் திரும்பி வரும். வந்த பிறகும் ஆளை விடமாட்டார். திறப்பு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி, நடுவில் தப்பிப்போனது எதுவும் இப்போதாவது வந்து அடிக்கிறதா என்று ஏழெட்டு விநாடி காத்திருப்பார்.

"அதான் யாரும் ஏறலியே, போகலாமே" என்பார் ஐந்தாவது மாடி ஆடிட்டர்.

"போகலாம் சார். இதோ."

ஆடிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆறாவது மாடிக்குக் கணக்கு டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் 'டவர்'. இப்போது கட்டடம் முழுக்க அந்தப் பெயர்தான். "டவர் வந்துட்டாரா? டவர் சாப்பிடப் போயிருக்காரா?" அவர் காதிலும் விழும். கோபப்படமாட்டார். சொல்லப்போனால், அதில் கோபப்படுவதற்கு அவருக்கு நேரமில்லை.

ஏழு மாடிக் கட்டடம். வெளியே கண்ணாடி ஒட்டிப் புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறார்களே ஒழிய, உள்ளே கிழம்தான். லிஃப்ட்டின் பொத்தான்களுக்குச் சொந்த புத்தி உண்டு. ஆறை அமுக்கினால் சில நாள் இரண்டுக்குப் போகும், சில நாள் எங்கேயும் போகாது. அதனால்தான் தானாக ஓடவேண்டிய லிஃப்ட்டுக்கு ஒரு ஆள் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த ஆள் இவர். ஐம்பத்துநாலு வயது. ஒட்டிய கன்னம், தோளில் தொங்குகிற சீருடைச் சட்டை, உட்கார ஒரு இரும்பு ஸ்டூல். எட்டு பேருக்கான பெட்டியில் இவரும் ஸ்டூலும் சேர்ந்து அரை ஆள் இடத்தைத்தான் அடைப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து முகம் சரியாகத் தெரியாது என்பதால் வருகிறவர்களைச் செருப்பை வைத்தே அடையாளம் சொல்வார். நாலாவது மாடி பல் கிளினிக்குக்கு முதல் தடவை வருகிற செருப்பு விறுவிறுவென்று இறங்கும், இரண்டாவது தடவை வரும்போது அதே செருப்பு வாசலில் ஒரு கணம் தயங்கும். "பயப்படாதீங்க, இன்னிக்கு வலிக்காது" என்பார். வலிக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் இப்படி நிறையப் பேசுவார். இந்த ஏழு மாதமாகத்தான் பேச்சு குறைந்து கண் முழுவதும் போன்மேல் இருக்கிறது.

எல்லாரும் கேமரா எப்படி, படம் எப்படி என்று பார்த்துப் போன் வாங்குகிற காலத்தில், இவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பெரிய ஷோரூம் ஒன்றில் ஏறி அதைக் கேட்டார். டை கட்டிய விற்பனைப் பையன் ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினான். கடைக்குள்ளே கோடு முழுசாக நின்றது. "பாருங்க சார், ஃபுல் டவர்!" வாங்கிக்கொண்டு வந்து லிஃப்ட்டில் ஏறினார். அங்கேயும் இரண்டு கோடு நின்றது. சந்தோஷமாக இருந்தது. மறுநாள் மனைவி வீட்டிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், மூன்று தடவையும் இவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், மணி அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. கோடு பொய் சொல்லும். மணிதான் நிஜம்.

பிறகு மச்சான் தன்னுடைய பெரிய போனைக் கொடுத்துப் பார்த்தான். லிஃப்ட் மேலே கீழே போகப் போக அது டவரைத் தேடித் தேடியே களைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சார்ஜ் தீர்ந்து படுத்துவிட்டது. "இது எனக்கு மேல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் காலடியிலேயே இருந்த கடைக்குப் போனார். கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர முடியாத உயரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வாயில் ஸ்குரூவைக் கவ்வியபடியே பேசுவாள்.

"என்னண்ணே வேணும்? பாட்டு கேக்கணுமா, படம் பாக்கணுமா?"

"அடிக்கணும்."

"எல்லா போனும் அடிக்கும்ணே."

"லிஃப்ட்டுக்குள்ள அடிக்கணும்."

அவள் ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்தாள். இப்படி ஒரு வாடிக்கையாளர் அதுவரை வந்ததில்லை.

சோதனை முறை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது. பழைய பட்டன் போன் ஒன்றில் இவருடைய சிம்மைப் போட்டுத் தருவாள். இவர் லிஃப்ட்டில் ஏறிப் போவார். கீழே இருந்து அவள் கூப்பிடுவாள். தன் காதில் எத்தனை மணி கேட்டது என்று அவள் எண்ணுவாள், கையில் எத்தனை அடித்தது என்று இவர் எண்ணுவார். இறங்கி வந்து ஒப்பிடுவார்கள். அவளுக்குப் பத்து கேட்டு இவருக்கு ஆறுதான் அடித்ததென்றால் நாலு மணியை லிஃப்ட் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போன் தள்ளுபடி. சில சமயம் மணியே போகாது. "அந்தம்மா வந்துட்டாங்கண்ணே" என்பாள். தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அந்த அம்மா. அதைக் கேட்டதும் இவர் முகம் கறுத்துவிடும். உலகத்தில் அவருக்கு எதிரி என்று யாராவது உண்டென்றால் அந்த முகம் தெரியாத அம்மாதான்.

லிஃப்ட் பராமரிப்பு அட்டையின் பின்பக்கத்தில், பென்சிலால், போன் வாரியாக முடிவுகளை எழுதி வைத்தார். மாடல் பெயரெல்லாம் அவருக்கு வாயில் நுழையாது. 'சிகப்பு: இரண்டாம் மாடி வரை. தடியன்: நாலில் மட்டும். வாய் உடைஞ்சது: அடிக்குது, பேச்சு கேட்கலை.' இப்படி எட்டு போன்.

"போன் வாங்கற மாதிரியா தேடறீங்க? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்கண்ணே" என்று கடைக்காரி கிண்டல் செய்தாள். பிறகு நல்ல யோசனையும் சொன்னாள். "போன் மேல தப்பில்ல. உங்க கம்பெனிக்கு இந்தப் பக்கம் டவர் கம்மி. வேற கம்பெனிக்கு மாறிடுங்க. நம்பர் இதேதான் இருக்கும். மாறுற அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லைன் செத்துக் கிடக்கும், அவ்வளவுதான்."

"ஒரு நாளா?"

"ஒரே நாள்."

"அந்த ஒரு நாள்ல கூப்பிட்டா?"

மாறவில்லை. அந்த ஒரு நாளுக்குப் பயந்து, தினம் தினம் நூறு தடவை பயந்துகொண்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தார். புத்திசாலித்தனமா என்று கேட்டால் இல்லைதான். பயம் கணக்குப் போட்டா வருகிறது?

இன்னொரு கூத்தும் நடந்தது. கட்டடத்தில் டவர் நன்றாகக் கிடைக்கிற இடம் நாலாவது மாடி ஜன்னல் விளிம்பு. ஒரு நாள் போனை அங்கேயே வைத்துவிட்டு, அடித்தால் எடுக்கும்படி பல் கிளினிக் ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிவிட்டு லிஃப்ட்டை ஓட்டினார். அவள் உள்ளே யாருக்கோ பஞ்சு எடுத்துக் கொடுக்கப் போன நேரத்தில் போன் அடித்து ஓய்ந்திருக்கிறது. இவர் மேலே வந்து பார்த்தால் தவறிய அழைப்பு ஒன்று, தெரியாத நம்பர். லிஃப்ட்டில் ஏழு பேர் நிற்கிறார்கள். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்களை நிற்கவைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார். உங்கள் அழைப்புக்குப் பிடித்த பாடலை வைக்க எண் ஒன்றை அழுத்தவும் என்று மறுமுனை குதூகலமாகச் சொன்னது. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வேர்த்த உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து எடுத்தார். ஆடிட்டர்கூட அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கடைக்காரி கேட்டாள். "யாருண்ணே அப்படிக் கூப்பிடப் போறது? சொல்லுங்க, நானும் சேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"தம்பி."

அவருக்கு ஒரே தம்பி. பதினொரு வயது இளையவன். வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் வேலை. ஊரின் மறுகோடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருஷத்தில் இல்லாமல் போனது. அதிலிருந்து மனசு சரியில்லை. சரியில்லை என்று அவன் வாயால் சொன்னதில்லை; சட்டை மாற்றுவது குறைந்தது, சிரிப்பு குறைந்தது, பேச்சு ஒற்றைச் சொல்லாகத் தேய்ந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சாவதென்று முடிவு செய்தான். வீட்டுக்காரர் தற்செயலாகத் தண்ணீர் மோட்டார் சாவி கேட்க வந்தார். கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூன்றாம் நாள், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உன்னைக் கூப்பிட்டேண்ணே."

"எப்போ?"

"அன்னிக்குத்தான். அதுக்கு முன்னால. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளை சொன்னா. சரின்னு வச்சுட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அண்ணன் வெளியே வந்து தன் போனில் வந்த அழைப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தத் தேதியில், அந்த நேரத்தில், ஒன்றுமில்லை. எல்லைக்கு வெளியே இருக்கிறவனுக்குத் தவறிய அழைப்பு என்றுகூட ஒன்று வந்து சேராது. தம்பி கூப்பிட்டதற்கு உலகத்தில் ஒரு தடயமும் இல்லை. அந்த நேரத்தில் யாரை எந்த மாடிக்குக் கொண்டுபோய் விட்டோம் என்று ரொம்ப நாள் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

டாக்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். "அரை மணிக்கொரு தடவை கூப்பிட்டு இருக்கியா, இருக்கியான்னு அவரை நச்சரிக்காதீங்க. அவரா கூப்பிடும்போது நீங்க இருக்கணும். அது போதும்." வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னதற்குத் தம்பி வரமாட்டேன் என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன்தான் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மாத்திரை அட்டையில் எத்தனை காலியாகியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே வாக்கியம்: "ஏதாவது தோணுச்சுன்னா, முதல்ல எனக்கு ஒரு போன் போடு."

"ம்" என்பான் தம்பி.

அந்த ஒரு 'ம்'தான் அவர் கையில் இருக்கிற ஒப்பந்தம். அதை வைத்துக்கொண்டுதான் இரும்புப் பெட்டிக்குள் ஏறுகிறார். வாசல் கேட்டுக்கு வேலை மாற்றித் தரும்படி மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார். "கேட்ல ஆள் இருக்கு, லிஃப்ட்டுக்குத்தான் ஆள் இல்லை" என்றுவிட்டார் அவர். வேலையை விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு எடுத்துப் போகிற சாப்பாட்டுக்கே வழியில்லை.

கடைக்காரி எல்லாவற்றையும் கேட்டாள். நெற்றியில் இருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "என் நம்பரையும் குடுத்து வைங்களேன். உங்க லைன் கிடைக்கலைன்னா எனக்கு அடிக்கட்டும். நான் கீழேயேதான் கிடக்கேன்."

"அவன் ஒரு தடவைதான்மா அடிப்பான். ரெண்டாவது நம்பருக்கெல்லாம் தெம்பு இருக்காது."

 மறுநாள் எங்கேயோ அலைந்து ஒன்பதாவது போனைக் கொண்டுவந்தாள். யாரோ லாரி டிரைவர் வைத்திருந்ததாம். மூலையெல்லாம் அடிபட்டு, ஐந்தாம் எண்ணின் ரப்பர் உதிர்ந்து, பார்க்க அவலட்சணமாக இருந்தது. இவர் மேலே போனார். அவள் கீழே எண்ணினாள். முதல் மாடி, இரண்டு, மூன்று, எல்லாம் ஒத்துப்போனது. ஐந்து, ஆறு, ஏழு, அதுவும் ஒத்துப்போனது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் அந்தம்மா வந்தாள். பழைய கட்டடம் தாங்காது என்று பிற்பாடு இறக்கிய இரும்புச் சட்டம் அந்த இடத்தில் குறுக்கே ஓடுகிறது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதே இடம், அதே நாலு விநாடி.

"இதுக்குமேல எந்த போனும் செய்யாதுண்ணே" என்றாள் கடைக்காரி, தானே அந்தச் சட்டத்தை இறக்கினவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு நாளைக்கு எண்பது தடவை அந்த இடத்தைக் கடக்கிறார். எண்பது நாலு, முந்நூற்று இருபது விநாடி. ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேல். ஒரு நாளில் ஐந்து நிமிஷம் அவர் தம்பிக்கு அண்ணன் கிடையாது. மற்ற நேரமெல்லாம் உண்டு. இதோடு சமாதானமாகப் பழகிக்கொண்டார் என்று எழுத ஆசைதான். பழகவில்லை. தம்பியின் நம்பருக்கு மட்டும் பழைய காலத்து டெலிபோன் மணி மாதிரி தனிச் சத்தம் வைத்துக் கொடுத்திருந்தாள் கடைக்காரி. வைத்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தம்பி நன்றாக இருப்பதால் அடிக்கவில்லையா, அடித்து வந்து சேரவில்லையா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே மாதிரி மௌனமாக இருந்தால் மனிதன் எதை நம்பித் தூங்குவது?

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். தரைத்தளத்திலேயே பெட்டி நிறைந்துவிட்டது. ஆடிட்டர், பரீட்சை லீவில் இருக்கும் டியூஷன் பிள்ளைகள் மூன்று பேர், கன்னம் வீங்கிய ஒரு அம்மாள், அவளுடைய மகள், பார்சல்காரன். மூன்றாவது மாடியில் பார்சல்காரன் இறங்கினான். கதவு மூடத் தொடங்கியது. லிஃப்ட்காரரின் கை வழக்கம்போல் சட்டைப்பைக்குப் போனது.

அப்போது அடித்தது. பழைய டெலிபோன் மணி.

கதவுக்கு இன்னும் ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். மூடினால் பெட்டி கிளம்பும், கிளம்பினால் அந்த நாலு விநாடி. பொத்தான் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்து, பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்த ஸ்டூலைக் காலால் எத்திக் கதவிடையில் தள்ளினார். டணார் என்று இடித்து, கதவு பின்வாங்கியது. டியூஷன் பிள்ளைகள் கத்திவிட்டார்கள்.

"சொல்லுடா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுடா, நான்தான்."

"சும்மாதாண்ணே. எடுக்கறியான்னு பார்த்தேன்."

"எடுத்துட்டேன்ல."

"ம்."

வேலை நாள். பதினொன்றே கால் மணி. பட்டறையில் ஆறு தையல் மிஷின் ஓடவேண்டும். அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. 

"எங்கடா இருக்கே?"

"ரூம்ல."

"கதவு திறந்திருக்கா?"



"என்னய்யா இது, எனக்கு பதினொன்றரைக்கு..." என்று தொடங்கிய ஆடிட்டர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டியூஷன் பிள்ளைகளின் தோளைத் தொட்டு, படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஒவ்வொருவராக ஸ்டூலைத் தாண்டி வெளியேறினார்கள். கன்னம் வீங்கிய அம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள்.

கதவு மறுபடி வந்து ஸ்டூலில் இடித்தது. டணார்.

"அது என்ன சத்தம்?" என்றான் தம்பி. "வேலையா இருக்கியா? சரி வச்சுடறேண்ணே. அப்புறம்..."

"வைக்காதே. ஒரு வேலையும் இல்லடா. சும்மாதான் உக்காந்திருக்கேன். நீ பேசு."

கதவு திரும்பவும் நகர்ந்து வந்தது. லிஃப்ட்காரர் தரையில் மண்டியிட்டு, இடது கையை விரித்து, ஸ்டூலின் இரும்புக் காலுக்கும் கதவு விளிம்புக்கும் நடுவில் வைத்தார். கதவு வந்து கையில் இடித்தது. சத்தம் வரவில்லை. பின்வாங்கிப் போனது. மறுபடி வந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தி, "ம், சொல்லு, கேக்குது" என்றார்.